செம்பனைக் குலையும் வரிப் படிக்கட்டும்

1957-ஆம் ஆண்டு மலாயா சுதந்திரம் பெற்றபோது, அதன் ஏற்றுமதி வருவாயின் பெரும்பகுதி இரண்டு பொருள்களிலிருந்து வந்தது. ஒன்று இரப்பர், மற்றொன்று ஈயம். தோட்டங்களில் வெட்டி எடுத்த பால், புகையூட்டிய தகடுகளாகக் கப்பலேறிச் சென்றது. மேலைநாட்டுத் தொழிற்சாலைகளில் டயராக மாறி, பல மடங்கு விலையில் திரும்பி வந்தது. ஈயக் கட்டிகளும் அவ்வாறே சென்றன. ஈய முலாம் பூசிய தகரப் பெட்டிகள் இறக்குமதியாயின. மரமும் மண்ணும் நம்முடையவை. ஆனால், மூலப்பொருளைப் பயன்பாட்டுப் பொருளாக மாற்றும் தொழிலும் அதனால் கிடைக்கும் வேலையும் இலாபமும் வேறு நாடுகளில் இருந்தன.

ஒரு மூலப்பொருளைப் பதனிட்டு வேறொரு பொருளாக மாற்றும்போது அதன் விலை உயர்கிறது. அந்த உயர்வைப் பொருளியலில் கூடுதல் மதிப்பு என்பர். வளரும் நாடுகள் பலவற்றின் முன் நிற்கும் கேள்வி இதுதான்: விளைந்த பொருளை அப்படியே விற்றுவிடுவதா? அல்லது, கூடுதல் மதிப்பையும் நாட்டுக்குள்ளேயே உருவாக்குவதா? இந்தக் கேள்விக்கு மலேசியா செம்பனை எண்ணெய்த் தொழிலின்வழி கண்ட விடையையும், அதற்குக் கொடுக்க நேர்ந்த விலையையும் இப்பாடத்தில் காண்போம்.

இரப்பரிலிருந்து செம்பனைக்கு

செம்பனை நம் மண்ணில் தோன்றிய மரமன்று. அதன் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1870-ஆம் ஆண்டுகளில் அது அழகுக்காக வளர்க்கும் மரமாக இப்பகுதிக்கு வந்தது. 1917-ஆம் ஆண்டு, கோலசிலாங்கூருக்கு அருகில் தென்னமரம் தோட்டத்தில் அது முதன்முதலாக வணிகப் பயிராக நடப்பட்டது. எனினும், அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு இரப்பரே நாட்டின் முதன்மைப் பயிராக இருந்தது.

சுதந்திரத்திற்குப் பின் நிலைமை மாறியது. எண்ணெயிலிருந்து தயாரிக்கப்படும் செயற்கை இரப்பர் உலகச் சந்தையில் பெருகியதால் இயற்கை இரப்பரின் விலை சரிந்தது. ஒரே பயிரை நம்பியிருப்பது ஆபத்து என்பதை உணர்ந்த அரசாங்கம், பயிர் பன்முகமாக்கலில் இறங்கியது. 1956-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கூட்டரசு நில மேம்பாட்டு வாரியமாகிய பெல்டா, காட்டைத் திருத்தி நிலமற்ற குடும்பங்களைக் குடியேற்றியது. தொடக்கத்தில் அங்கு இரப்பரே நடப்பட்டது. 1961-ஆம் ஆண்டில் ஜொகூரில் உள்ள தாயிப் அண்டாக் குடியேற்றத்தில் செம்பனை நடவு தொடங்கியது. ஒரு குடும்பத்திற்கு ஏறக்குறைய நான்கு ஹெக்டர் நிலம் என்ற அளவில், பிற்காலத்தில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட குடும்பங்கள் இத்திட்டத்தில் குடியேறின. தனியார் தோட்டங்களும் வயது முதிர்ந்த இரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனையை நட்டன. 1960-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 55,000 ஹெக்டராக இருந்த செம்பனைப் பரப்பு, 1980-ஆம் ஆண்டில் பத்து இலட்சம் ஹெக்டரைத் தொட்டது.

ஆனால், பயிர் மாறினாலும் பழைய சிக்கல் மாறவில்லை. செம்பனைக் குலையை வெட்டிய 24 மணி நேரத்திற்குள் ஆலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். தாமதித்தால் எண்ணெயின் தரம் கெடும். ஆகவே, குலையைப் பிழியும் ஆலைகள் தோட்டங்களிலேயே அமைந்தன. அவற்றிலிருந்து வெளிவந்தது செந்நிறக் கச்சா எண்ணெய். அதைச் சுத்திகரித்து, நிறமும் மணமும் நீக்கி, சமையல் எண்ணெயாகவும் மார்ஜரினாகவும் சவர்க்காரமாகவும் மாற்றும் ஆலைகள் பெரும்பாலும் ஐரோப்பாவில் இருந்தன. இரப்பர்த் தகடு சென்ற அதே வழியில் கச்சா எண்ணெயும் செல்லத் தொடங்கியது.

வரி ஒரு கருவி

சுத்திகரிப்பு ஆலைகளை இங்கேயே அமைத்தால் என்ன? கேட்பதற்கு எளிய யோசனையாகத் தோன்றும் இதற்கு இரண்டு தடைகள் இருந்தன. முதலாவது, ஐரோப்பிய ஆலைகள் பல்லாண்டு அனுபவம் பெற்றவை. அவற்றின் செலவு குறைவு. இரண்டாவது, இறக்குமதி செய்யும் நாடுகள் கச்சா எண்ணெய்க்குக் குறைந்த வரியும் சுத்திகரித்த எண்ணெய்க்கு உயர்ந்த வரியும் விதித்தன. பொருள் எவ்வளவு பதனிடப்படுகிறதோ அவ்வளவு வரி ஏறும். இதைப் படிக்கட்டு வரி எனலாம். அந்தப் படிக்கட்டு, அவர்களுடைய ஆலைகளைக் காக்கும் வேலியாக இருந்தது.

1970-ஆம் ஆண்டுகளில் மலேசியா இதற்கு எதிர்த்திசையில் ஒரு படிக்கட்டை அமைத்தது. கச்சா எண்ணெயை அப்படியே ஏற்றுமதி செய்தால் வரி விதிக்கப்பட்டது. பதனிட்டு ஏற்றுமதி செய்தால், பதனிடும் அளவுக்கேற்ப வரி குறைந்தது. முழுமையாகச் சுத்திகரித்த எண்ணெய்க்கு வரிவிலக்கு கிடைத்தது. மேலும், 1968-ஆம் ஆண்டு முதலீட்டு ஊக்குவிப்புச் சட்டத்தின்கீழ், முன்னோடித் தகுதி பெற்ற ஆலைகள் முதல் சில ஆண்டுகளுக்கு வருமான வரி செலுத்த வேண்டியதில்லை.

இந்த வரி எவ்வாறு செயல்படுகிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கின்வழி புரிந்துகொள்வோம். உலகச் சந்தையில் ஒரு டன் கச்சா எண்ணெயின் விலை 1,000 ரிங்கிட் எனவும், சுத்திகரித்த எண்ணெயின் விலை 1,060 ரிங்கிட் எனவும் கொள்வோம். நன்கு பழகிய வெளிநாட்டு ஆலை ஒரு டன்னை 50 ரிங்கிட்டில் சுத்திகரித்துவிடும். புதிதாகத் தொடங்கிய உள்நாட்டு ஆலைக்கு 110 ரிங்கிட் செலவாகும். வரி இல்லாவிட்டால், உள்நாட்டு ஆலை 1,000 ரிங்கிட்டுக்கு வாங்கி, 110 ரிங்கிட் செலவிட்டு, 1,060 ரிங்கிட்டுக்கு விற்க நேரிடும். ஒவ்வொரு டன்னிலும் 50 ரிங்கிட் நட்டம். அத்தகைய ஆலையை யாரும் கட்டமாட்டார்கள்.

இப்பொழுது, கச்சா எண்ணெயின் ஏற்றுமதிக்கு 100 ரிங்கிட் வரி விதிக்கப்படுகிறது. கச்சா எண்ணெயைக் கப்பலேற்றுபவரின் கைக்கு 900 ரிங்கிட்தான் வரும். ஆகவே, உள்நாட்டிலும் அதன் விலை 900 ரிங்கிட்டுக்கு இறங்கும். உள்நாட்டு ஆலை அந்த விலைக்கு வாங்கி, 110 ரிங்கிட் செலவிட்டாலும், மொத்தச் செலவு 1,010 ரிங்கிட்தான். வரியின்றி 1,060 ரிங்கிட்டுக்கு ஏற்றுமதி செய்தால் 50 ரிங்கிட் இலாபம். நேற்று நட்டத்தில் இருந்த தொழில் இன்று இலாபம் தருகிறது. அரசாங்கம் ஆலைக்குத் தன் கருவூலத்திலிருந்து ஒரு காசும் கொடுக்கவில்லை; வரி வேறுபாடு ஒன்றே ஆலைகளை வரவழைத்தது.

நடந்ததும் ஏறக்குறைய இதுதான். கிள்ளான் துறைமுகத்தைச் சுற்றியும், ஜொகூரின் பாசிர் கூடாங்கிலும் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. உள்நாட்டு முதலீட்டாளர்களோடு இந்தியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் முதலீட்டாளர்கள் வந்தனர். 1970-ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் பெரும்பாலும் கச்சா எண்ணெயாகவே கப்பலேறிய செம்பனை எண்ணெய், 1980-ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதிக்குள் ஏறக்குறைய முழுமையாகச் சுத்திகரிக்கப்பட்டே ஏற்றுமதியானது. பத்தே ஆண்டுகளில் ஒரு தொழில் கண்டம் தாண்டி வந்துவிட்டது.

வரிச்சுமையைச் சுமந்தவர் யார்?

மேலே கண்ட கணக்கை மீண்டும் ஒருமுறை பாருங்கள். கச்சா எண்ணெயின் உள்நாட்டு விலை 1,000 ரிங்கிட்டிலிருந்து 900 ரிங்கிட்டாக இறங்கியது. அந்த 100 ரிங்கிட் யாருடையது? தோட்டக்காரர் விற்கும் குலையின் விலை, கச்சா எண்ணெயின் உள்நாட்டு விலையைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. எண்ணெயின் விலை இறங்கினால் குலையின் விலையும் இறங்கும். வரியைச் செலுத்தும் படிவத்தில் கையெழுத்திடுபவர் ஏற்றுமதியாளர். சுமையைத் தாங்குபவரோ குலை வெட்டி விற்பவர். பெரிய தோட்ட நிறுவனங்கள் தாமே சுத்திகரிப்பு ஆலையும் நடத்தினால், ஒரு கையில் இழந்ததை மறு கையில் பெறலாம். நான்கு ஹெக்டர் மட்டுமே வைத்திருக்கும் சிறுதோட்டக்காரருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

அப்படியென்றால் இக்கொள்கை தவறானதா? அவசரப்பட்டு முடிவு செய்யலாகாது. ஆலைகள் பெருகியபோது கச்சா எண்ணெயை வாங்க அவை ஒன்றோடொன்று போட்டியிட்டன. 1980-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், நாட்டில் கிடைத்த எண்ணெயைவிட ஆலைகளின் கொள்ளளவு மிகுந்துவிட்டது. போதிய எண்ணெய் கிடைக்காத ஆலைகள் தள்ளாடின, சில மூடப்பட்டன. முதலீட்டாளருக்கு அது நட்டம். ஆனால், போட்டி கச்சா எண்ணெயின் விலையை ஏற்றியதால், வரியால் இழந்த தொகையின் ஒரு பகுதி தோட்டக்காரரிடம் திரும்பியது.

அதைவிட முக்கியமானது, ஆலைகள் தொழிலைக் கற்றுக்கொண்டதாகும். நம் கற்பனைக் கணக்கில், உள்நாட்டு ஆலையின் செலவு 110 ரிங்கிட்டிலிருந்து 60 ரிங்கிட்டாகக் குறைவதாகக் கொள்வோம். அப்பொழுது அது கச்சா எண்ணெய்க்கு 1,000 ரிங்கிட் கொடுத்து வாங்கினாலும் நட்டமடையாது. அந்த நாளில் வேலி தேவையில்லை. இளம் கன்றுக்கு வேலி கட்டுவது, மரமானபின் பிரித்துவிடலாம் என்னும் நம்பிக்கையில்தான். கன்று மரமாகிறதா, வேலிக்குள்ளேயே கன்றாக நின்றுவிடுகிறதா என்பதைக் கொண்டே இத்தகைய கொள்கையை மதிப்பிட வேண்டும்.

வரியோடு அறிவும்

வரி மட்டுமே இத்தொழிலை வளர்த்துவிடவில்லை. விற்கப்படும் ஒவ்வொரு டன் எண்ணெயிலிருந்தும் ஒரு சிறு தொகை ஆராய்ச்சிக்கென வசூலிக்கப்பட்டது. 1979-ஆம் ஆண்டில் செம்பனை எண்ணெய்க்கென்றே தனி ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் அது உரிமம் வழங்கும் அமைப்போடு இணைந்து, மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியமாக மாறியது.

அறிவு தந்த பயனுக்கு ஒரு சிறிய வண்டு சான்றாகும். செம்பனையின் தாயகமான ஆப்பிரிக்காவில் ஒரு வகைக் கூன்வண்டு பூக்களுக்கு மகரந்தத்தைக் கொண்டு செல்கிறது. நம் நாட்டுக்கு மரம் வந்தது; வண்டு வரவில்லை. அதனால், பல தோட்டங்களில் தொழிலாளர்கள் மரம் மரமாகச் சென்று கையால் மகரந்தம் தூவினர். ஆய்வுகளுக்குப் பிறகு, 1981-ஆம் ஆண்டில் கெமரூனிலிருந்து அந்த வண்டு கொண்டுவரப்பட்டுத் தோட்டங்களில் விடப்பட்டது. காய்ப்பு கூடியது, கையால் மகரந்தம் தூவும் செலவும் மறைந்தது.

ஆலைகளும் அடுத்த படிக்கு ஏறின. எண்ணெயைத் திரவப் பகுதியாகிய ஓலின், கெட்டிப் பகுதியாகிய ஸ்டியரின் எனப் பிரித்தன. 1980-ஆம் ஆண்டுகளில் கொழுப்பு அமிலம், கிளிசரின் போன்ற வேதிப் பொருள்களைத் தயாரிக்கும் ஆலைகள் வளர்ந்தன. சவர்க்காரத்திலும் முகப்பூச்சிலும் மருந்திலும் இவை பயன்படுகின்றன.

மற்றவரும் கற்ற பாடம்

ஒரு நாடு கண்டுபிடித்த கருவி அந்நாட்டுக்கு மட்டும் சொந்தமாக இருப்பதில்லை. உலகின் மிகப் பெரிய செம்பனை எண்ணெய் உற்பத்தியாளராக மலேசியாவை முந்திய இந்தோனேசியா, 2011-ஆம் ஆண்டில் தன் வரிப் படிக்கட்டை மாற்றியமைத்தது. கச்சா எண்ணெய்க்கும் சுத்திகரித்த எண்ணெய்க்கும் இடையிலான ஏற்றுமதி வரி வேறுபாடு விரிந்தது. அங்கு ஆலைகள் பெருகின. இங்குள்ள ஆலைகள் திணறின. ஒரு காலத்தில் ஐரோப்பிய ஆலைகள் நம்மைப் பார்த்துக் கவலைப்பட்ட நிலை, இப்போது நமக்கே வந்தது. இதற்கு மறுமொழியாக மலேசியா, ஏறக்குறைய 23 விழுக்காடாக இருந்த கச்சா எண்ணெய் ஏற்றுமதி வரியை, 2013 சனவரி முதல் விலைக்கேற்ப 4.5 முதல் 8.5 விழுக்காடு வரையாகக் குறைத்தது.

வாங்கும் நாடுகளும் சும்மா இருப்பதில்லை. சமையல் எண்ணெயைப் பெருமளவில் இறக்குமதி செய்யும் இந்தியா, தன் ஆலைகளைக் காக்க, சுத்திகரித்த எண்ணெய்க்குக் கச்சா எண்ணெயைவிடக் கூடுதல் இறக்குமதி வரி விதித்துவருகிறது. 2020 சனவரியில் சுத்திகரித்த செம்பனை எண்ணெயின் இறக்குமதிக்கே கட்டுப்பாடு விதித்தது. ஆலை தன் நாட்டில் இருக்க வேண்டும், வேலை தன் மக்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று எல்லா நாடுகளுமே விரும்புகின்றன. எல்லாரும் படிக்கட்டு கட்டினால், வரி வேறுபாட்டை மட்டும் நம்பிய ஆலை நிலைக்காது. தரமும் திறனும் கைவரப்பெற்ற ஆலையே தாக்குப்பிடிக்கும்.

தோட்டத்து மனிதர்கள்

இக்கதையில் எண்ணெயும் வரியும் மட்டுமல்லாமல் மனிதர்களும் இருக்கிறார்கள். இரப்பர்த் தோட்டங்களை உருவாக்கியவர்களில் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள். பால்வெட்டு, விடியலுக்கு முன்பே தொடங்கி மரந்தோறும் செய்ய வேண்டிய வேலை. அதற்கு ஆள் அதிகம் தேவை. செம்பனைக் குலை பத்துப் பதினைந்து நாள்களுக்கு ஒருமுறைதான் வெட்டப்படும். ஒரே பரப்பிற்குச் செம்பனைக்குத் தேவையான ஆள்கள் குறைவு. மேலும், நீண்ட கழியின் நுனியில் கட்டிய அரிவாளால் உயரத்திலுள்ள குலையை வெட்டுவதற்கு மிகுந்த உடல் வலு வேண்டும். கணவனும் மனைவியும் ஆளுக்கொரு நிரையில் பால் வெட்டிய வாழ்க்கை முறை அதனோடு மாறியது. பின்னர், பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, குடும்பங்கள் நகரங்களின் விளிம்புக்குப் பெயர்ந்தன. கல்வியும் கைத்தொழிலும் பெற்றவர்கள் புதிய ஆலைகளிலும் அலுவலகங்களிலும் இடம்பிடித்தனர். அவை இல்லாதவர்களுக்கு மாற்றம் கடினமாக இருந்தது.

நாட்டின் மொத்த ஏற்றுமதிக் கணக்கில் இந்த வேறுபாடு தெரியாது. ஏற்றுமதி வருவாய் உயர்ந்த அதே ஆண்டில், ஒரு தோட்டத்தின் பள்ளியில் மாணவர் எண்ணிக்கை குறைந்திருக்கலாம். ஆகவே, தொழிற்கொள்கையை வகுப்போர் ஆலையைக் கட்டுவதோடு நின்றுவிடாமல், பழைய வேலையை இழப்பவர் புதிய வேலைக்குத் தகுதி பெறும் வழியையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

முடிவாக, ஒரு வளரும் நாடு மூலப்பொருளை விற்பதோடு நிற்காமல் தொழில் வளர்க்க முயல்வது இயல்பானது, தேவையானதும்கூட. செம்பனை எண்ணெய்த் தொழிலில் மலேசியா பெற்ற வெற்றி அது முடியும் என்பதைக் காட்டியது. ஆயினும், இத்தகைய ஒரு கொள்கையைப் பற்றிக் கேள்விப்படும்போது மூன்று வினாக்களைக் கேட்கப் பழகுவோம்: அதனால் நாம் என்ன கற்றுக்கொள்கிறோம்? அதன் செலவை யார் ஏற்கிறார்? அந்த வேலியை எப்போது பிரிப்போம்? இம்மூன்றுக்கும் தெளிவான விடை சொல்லும் கொள்கை, குலை வெட்டுபவருக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் பயன்தரும் கொள்கையாக அமையும்.

அருஞ்சொற்பொருள்

கூடுதல் மதிப்பு – பதனிடுவதால் ஒரு பொருளின் விலையில் ஏற்படும் உயர்வு
பயிர் பன்முகமாக்கல் – ஒரே பயிரை நம்பாமல் பல பயிர்களை வளர்த்தல்
கச்சா எண்ணெய் – சுத்திகரிக்கப்படாத எண்ணெய்
கருவூலம் – அரசாங்கத்தின் நிதி இருப்பு
கொள்ளளவு – ஓர் ஆலை பதனிடக்கூடிய அளவு
நிரை – தோட்டத்தில் மரங்கள் நடப்பட்டுள்ள வரிசை

கருத்துணர் வினாக்கள்

1. சுதந்திரத்தின்போது மலாயாவின் ஏற்றுமதி எவ்வாறு இருந்தது? அதிலிருந்த குறை யாது?
2. செம்பனைக் குலையைப் பிழியும் ஆலைகள் தோட்டங்களிலேயே அமைந்ததற்குக் காரணம் என்ன?
3. பாடத்தில் உள்ள கணக்கில் ஏற்றுமதி வரி 40 ரிங்கிட் மட்டுமே எனக் கொள்க. 110 ரிங்கிட் செலவாகும் புதிய ஆலைக்கு இலாபம் கிடைக்குமா? கணக்கிட்டு விளக்குக.
4. 'இளம் கன்றுக்கு வேலி' என்னும் உவமை எதனை விளக்குகிறது?
5. சிறுதோட்டக்காரர் ஒருவரும் சுத்திகரிப்பு ஆலை உரிமையாளர் ஒருவரும் ஏற்றுமதி வரியைப் பற்றி உரையாடுகின்றனர். இருவரின் வாதங்களையும் ஏறக்குறைய 100 சொற்களில் எழுதுக.
6. உங்கள் குடும்பத்திலோ அண்டை அயலிலோ தோட்டத்தில் பணிபுரிந்த பெரியவர் ஒருவரிடம், இரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறிய காலத்தைப் பற்றிக் கேட்டறிந்து, வகுப்பில் படைத்திடுக.